அரசமரத்தைப் பார்த்துப் போட்ட துடுப்பு

காவிரி செந்நிறமாகப் பொங்கி ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரைத் துறையில் தங்காயி நின்றிருந்தாள். புருஷனோடு தொலைதூரச் சீமைக்குப் பிழைக்கப் போகிறாள். வெயில் ஏறினால் வண்டி கிளம்பிவிடும்.

இக்கரையில் அவள் அப்பன் செங்கோடன். மாட்டுச் சந்தையில் அடிபட்டு முன்னுக்கு வந்த தரகன். வாயைத் திறந்தால் நெருப்பு. மகள் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டாள் என்று கொதித்தவன். அந்தக் கொதிப்பை இறக்கத்தான், தன்னைவிட இளையவரான பரிசல்துறைச் சாமியிடம் சீடனாகச் சேர்ந்திருந்தான்.

“நல்லா இரு கண்ணுன்னு சொல்லத்தானுங்க ஒவ்வொரு தடவையும் போறேன். திட்டிட்டுத் திரும்பி வர்றேன். நேராப் போயும் ஏனுங்க சாமி போய்ச் சேர மாட்டேங்குது?”

சாமி எழுந்தார். பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஆறு வரும் திசையை நோக்கிக் கரையோடு நடந்தார்.

“பொண்ணு எதிர்ல நிக்கறா, நீங்க எங்கீங்க போறீங்க?”

செங்கோடன் பரிசலைப் பிடுங்கி அங்கேயே தண்ணீரில் போட்டான். சாமி ஏறி உட்கார்ந்தார்.

மகளைக் குறிவைத்துத் துடுப்புப் போட்டான். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. பாதி ஆறு தாண்டுவதற்குள் வெள்ளம் பரிசலைக் கீழே இழுத்துக்கொண்டுபோக, துறை பின்னால் போய்விட்டது. எதிரே ஏற வழியில்லாத பாறைச்சுவர். சாமி துடுப்பை வாங்கி, இக்கரைக்கே கொண்டுவந்து சேர்த்தார்.

“ஆறா இது! பாவி ஆறு!”

“சந்தையில நினைச்ச விலையையா முதல்ல சொல்வீங்க, தரகரே?”

“சொன்னா என் தொழில் என்னத்துக்காகும்? எதிராளி கீழே இழுப்பானுங்க. அதுக்கும் சேர்த்து ஏத்திச் சொன்னாத்தான் நினைச்ச இடத்துல வந்து நிக்கும்.”

சொல்லிவிட்டு ஆற்றைப் பார்த்தான். பரிசலைத் தூக்கித் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டான்.

ஆறு வரும் திசையில், இக்கரைத் துறையைத் தாண்டி, பாறை வழி மறித்த இடம்வரை நடந்தார்கள்.

“இது பத்தாது,” என்றார் சாமி. “மிச்சத்தைத் துடுப்புல ஏத்துங்க. எதிர்க்கரையில, துறைக்கும் மேலே அந்த அரசமரம் தெரியுதா? அதைப் பார்த்துப் போடுங்க.”

“பொண்ணு கீழே நிக்கறாளுங்க!”

“மரத்தைப் பாருங்க.”

செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தைப் பார்த்தே போட்டான். ஆறு இழுத்தது. அவன் விடவில்லை. மரம் கிட்டே வரவேயில்லை. பரிசல்தான் சாய்வாக நகர்ந்து நகர்ந்து துறைப்படியில் இடித்தது.

தங்காயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்கப்பா, பாதி ஆத்துலயே திட்டித் தீர்த்துட்டுத் திரும்பிட்டீங்கன்னு நெனச்சேன்.”

அவள் பின்னால் மருமகன் வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் செங்கோடனுக்குப் பழைய கொதிப்பு ஏறியது. படியில் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தான்.

“சாமி, உள்ளே இன்னும் கொதிக்குதுங்க. இது அடங்கட்டும், அப்புறமாப் பேசறேன்.”

சாமி பரிசலில் தேங்கிய தண்ணீரைக் கையால் இறைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஆறு அடங்கின பிறகா தாண்டி வந்தீங்க?”