துரை வாயால் வந்த சொல்

தூத்துக்குடிப் பக்கம் துறைமுகத் துரை ஒருவர், தன் கப்பலுக்குக் குறுக்கே வந்ததென்று பனிமயம் என்ற மீனவப் பெண்ணின் புருஷனுடைய கட்டுமரத்தைக் கொளுத்தச் சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்குச் சோறு போடுவதே அந்த ஒரு மரந்தான். பனிமயம் இடுப்பில் பிள்ளையோடு ஓடிவந்தாள்.

"எங்க கட்டுமரம் துரையே, விட்டுடுங்க."

துரை கையிலிருந்த தடித்த அகராதியைத் தட்டினார். "கட்டுமரமா? 'கேட்டமரான்' என்று எங்கள் இங்கிலீஷ் புத்தகத்தில் இருக்கும் எங்கள் சொல் அது. உங்கள் சொல் என்று காட்டு, விடுகிறேன். இல்லையென்றால் தீதான்."

துரையின் சேவகன் தீப்பந்தத்தோடு நெருங்கினான்.

"அதுல என்ன பொருள் போட்டிருக்கு?" என்றாள் பனிமயம்.

"ஒருவகைப் படகு."

கடலிலிருந்து வந்ததும் காயப்போட அவிழ்ப்பதுபோல, பனிமயம் ஒற்றைக் கையால் கட்டுமரத்தின் கயிற்று முடிச்சுகளை உருவினாள். மரங்கள் திசைக்கொன்றாக உருண்டன.

"இப்ப உங்க படகு எங்க துரையே?"

"என்னிடமே விளையாட்டா? மறுபடியும் படகாக்கு."

"எப்படின்னு நீங்களே சொல்லுங்க."

துரைக்குக் கோபம் தலைக்கேறியது. "இதுகூடத் தெரியாதா? மரத்தைச் சேர்த்துக் கட்டு."

"கட்டு, மரம். ரெண்டும் உங்க வாயாலயே வந்துருச்சே. அந்தச் சொல் பிறந்த கதையும் அவ்வளவுதான்."

துரை புத்தகத்தைப் புரட்டினார். அந்தச் சொல்லுக்கு எழுதியிருந்த பொருளில் கயிறும் இல்லை, மரமும் இல்லை. மூடிவிட்டு நடந்தார்.

சேவகன் பந்தத்தைக் கடல்தண்ணியில் முக்கினான். பனிமயம் பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு, மரத்தைக் கட்ட உட்கார்ந்தாள்.