வாலில் மூட்டை சுமந்த புழு

போன வருஷம் இந்த ஆமணக்குக் காட்டில் மருந்தடித்துவிட்டுப் போன மகராசனே, உன்னைத்தான். புழுவைக் கொன்றேன் என்று மீசையை முறுக்கினாய். புழுவுக்கு எமனாக இருந்தவர்களையும் சேர்த்தல்லவா கொன்றுவிட்டுப் போனாய்? நீ செய்த வேலைக்கு இந்த வருஷம் ஒரு கௌதாரி அல்லாட வேண்டியதாயிற்று.

அவள் பெயர் பொம்மக்கா. ஆமணக்குச் செடியடியில் ஏழு முட்டை இட்டு அடைகாத்தாள். அகன்ற இலைதான் அவளுக்குக் கூரை. மேலே பருந்து வட்டமடிக்கும். இலை இருக்கும்வரை அதன் கண்ணில் முட்டை படாது.

அந்த இலையைத்தான் காவடிப்புழுக்கள் தின்றன. முதுகை வளைத்து வளைத்து நடந்து, நரம்பை மட்டும் மிச்சம் வைத்தன. ஓட்டை வழியே வெயில் முட்டைமேல் விழுந்தது.

பொம்மக்காவுக்கு ரத்தம் கொதித்தது. கரிச்சான் குருவியைக் கூப்பிட்டாள்.

"கரியண்ணே, இந்தப் புழுவைத் தின்னு தீர்த்துடுங்க. காலையில ஒரு தடவை மண்ணைக் கிளறி உங்களுக்குக் கரையான் காட்டுறேன்."

"ரெண்டு தடவை."

"என் முட்டை ஆறிப்போகும். ஒண்ணுதான். வேணாம்னா மைனாவைக் கேட்டுக்கிறேன்."

"மைனாவா? அது திங்கிறதைவிடக் கத்துறதுதான் அதிகம். சரி, ஒண்ணு."

கரியன் நாலு நாள் வயிறு முட்டத் தின்றான். ஆனாலும் ஓட்டைகள் பெருகிக்கொண்டே போயின.

ஐந்தாம் நாள் பொம்மக்கா அவனை உற்றுக் கவனித்தாள். ஓடுகிற புழுவை அவன் தொடவே இல்லை. அசையாமல் கிடந்ததைத்தான் கொத்தினான். அதன் வாலில் சின்னதாக ஒரு மூட்டை ஒட்டியிருந்தது.

அப்போது கொசு அளவே இருந்த கறுப்புக் குளவி ஒன்று அவள் முன்னால் வந்து படபடத்தது. பெயர் நூலாயி.

"அக்கா, உங்க ஆளு என் பிள்ளைகளைத் திங்கிறான்."

"புழு எப்படி உன் பிள்ளை? குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்னு சொல்வாங்களே, அந்தக் கதையா?"

"கொட்டினா ஒண்ணும் ஆகாதுக்கா. புழுவுக்குள்ள முட்டை வைக்கிறேன். என் பிள்ளை உள்ளேயே தின்னு வளர்ந்து, வெளியே வந்து, அந்தப் புழுவோட வால்லயே மூட்டையைக் கட்டி உள்ள தூங்குது. மூட்டை சுமக்கிற புழு அப்புறம் இலையைத் தொடாது. பிள்ளைங்க பறந்துட்டா ஆளுக்கு நூறு புழுவைப் பார்த்துக்கும். போன வருஷ மருந்துல தப்பிச்சதே நாங்க நாலு பேருதான்."

பொம்மக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. தன் கூரையைக் காக்க வந்தவர்களைத் தானே ஆள் வைத்துக் கொன்றிருக்கிறாள்.

"கரியண்ணே, இங்க வாங்க. இனிமே ஓடுற புழுவை மட்டும் தின்னுங்க. மூட்டைக்காரனைத் தொட்டா கரையான் கிடையாது."

"ஓடுறதைப் பிடிக்க மூச்சு வாங்குமே."

"சும்மா கிடக்கிறதைத் திங்க நான் எதுக்கு மண்ணைக் கிளறணும்?"

"அப்போ ரெண்டு தடவை கிளறு."

பருந்தின் நிழல் முட்டைகளை உரசிக்கொண்டு போனது. விட்டுக்கொடுத்தே பழக்கமில்லாத பொம்மக்கா முதல் தடவையாக இறங்கி வந்தாள்.

"சரி, ரெண்டு. ஆனா நான் கிளறப் போறப்ப முட்டைக்கு நீங்க காவல். பருந்தையே விரட்டுற ஆளுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிறீங்களே, அதையும் பார்த்துடுவோம்."

கரியன் சிரித்துவிட்டான். சொன்னபடியே காவலும் இருந்தான்.

ஒரு வாரத்தில் மூட்டைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பொடிப்பொடியாகக் குளவிகள் கிளம்பின. புதுத் துளிர் ஓட்டையில்லாமல் விரிந்தது. அந்த நிழலில் ஏழு முட்டையும் பொரிந்தன. வெளியே வந்ததும் வராததுமாக ஒரு குஞ்சு, கீழே விழுந்து கிடந்த மூட்டைப் புழுவைக் கொத்தப் போனது. பொம்மக்கா அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அதை விடுடா. அது நம்ம வீட்டுக் கூரை."

எதிரியை ஒழிக்கிற அவசரத்தில் அவனை அடக்க வந்தவனையும் கொல்கிறவன் எதிரிக்கே துணைபோகிறான். ஆகவே மகராசனே, இந்த வருஷமாவது மருந்து டப்பாவை மூடிவைத்துவிட்டு, புழுவின் வாலில் மூட்டை இருக்கிறதா என்று முதலில் குனிந்து பார்.