பட்டறையில் களவுபோன உப்பு வண்டி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால மருங்கை நாடுன்னு ஒரு நாடு. அதை ஆண்டவர் பரிதிமாற ராஜா. நல்லவர்தான், ஆனா கடைசியா யார் பேசினாங்களோ அவங்க பேச்சுதான் சரின்னு சொல்லிடுவார்!

அந்த நாட்டுல காவல் வரின்னு ஒரு ஏற்பாடு. வருஷாவருஷம் வரி கட்டினவங்க பொருள் திருடு போனா, அரண்மனையே அதுக்கு ஈடு கொடுக்கணும். அதைக் கவனிச்சவர் பொக்கிஷக்காரர் கஜபதி ராயர். வரி வாங்கும்போது அவருக்கு வாயெல்லாம் பல்லு. ஈடு கேட்டு யாராவது வந்துட்டாலோ, மூஞ்சி கடுகடுன்னு ஆயிடும்.

ஒருநாள் உப்பு விக்கிற வெள்ளச்சி சபைக்குள்ள அலறிக்கிட்டு ஓடிவந்தா.

"மகாராஜா, என் வண்டி போச்சு! அச்சு முறிஞ்சுதுன்னு தச்சுப் பட்டறையில விட்டேன். புது அச்சு மாட்டின கையோட எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான். மழைக்கு முன்னால சந்தைக்குக் கொண்டு போகலேன்னா வாசல்ல குவிச்சிருக்கிற உப்பெல்லாம் கரைஞ்சிடும். அப்புறம் நானும் பிள்ளைங்களும் தெருவுலதான் நிக்கணும்!"

ராயர் மீசையைத் தடவினார். "வரி உன் வீட்டுல இருக்கிற பொருளுக்குத்தான். போ, தச்சனைக் கேளு."

"அவரு, 'என் வேலை அச்சு மாட்டுறது. காவலுக்கு வரி வாங்கினவங்களைக் கேளு'ன்னு விரட்டுறாரே சாமி!"

"அதுக்கு நாங்க என்ன பண்றது? பட்டறை வாசல் தாண்டின பொருள் உடையவங்க பொருளே இல்லை!"

"ஆஹா, என்ன நியாயம்! இதையே சட்டம்னு முரசு அறையுங்க!"ன்னார் ராஜா.

மந்திரி சாத்தப்பன் அழுத வெள்ளச்சிகிட்ட வந்து, "ஆயுத பூசை நெருங்கிடுச்சு தாயி, அதுவரைக்கும் பொறு"ன்னார்.

அந்த நாட்டு வழக்கப்படி, பூசைக்கு முன்னால ராஜாவோட வெற்றிவாள் சாணை பிடிக்கக் கொல்லன் பட்டறைக்குப் போகும். பூசையில அந்த வாள் இல்லேன்னா ராஜா சிம்மாசனத்துல உட்காரக் கூடாது. பூசையன்னிக்குக் காலையில சபையே கூடி நிக்குது, ஓரமா வெள்ளச்சியும் நிக்கிறா. வாளைக் காணோம்! மந்திரி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மகாராஜா, பட்டறையில வாள் களவு போச்சு!"

"ஐயோ, என் வாள்! என் பாட்டன் வாள்!" ராஜா குதிகுதின்னு குதிச்சார். ராயர் அவருக்கு மேல குதிச்சார். "படையைக் கிளப்புங்க! வீடு வீடாத் தேடுங்க!"

"யாரோட வாளைத் தேடணும் ராயரே?"ன்னு மந்திரி அமைதியாக் கேட்டார்.

"இதென்ன கேள்வி? மகாராஜா வாளைத்தான்!"

"பட்டறை வாசல் தாண்டிடுச்சே?"

ராயர் தலைப்பாகையைச் சரிபண்ணிக்கிட்டார். "அது... அது குடிமக்களுக்கு. ராஜா பொருள் வேற."

"வேறதான்! மகாராஜா காவல் வரி கட்டினதே இல்லை. வெள்ளச்சி ஒரு வருஷம் கூடத் தவறினது இல்லை. கட்டாதவர் பொருளுக்குப் படையே கிளம்புது. கட்டினவ பொருளுக்கு ஒரு ஆளும் கிளம்பலையே!"

ராஜா முகம் சிவந்துச்சு, அப்புறம் வெளுத்துச்சு, அப்புறம் குபீர்னு சிரிச்சார்.

"கொண்டாரும் மந்திரியாரே வாளை! ஒளிச்சு வெச்சது நீர்தான்னு எனக்குத் தெரியாதா?"

மந்திரி கையைத் தட்டினார். கொல்லன் பளபளன்னு மின்னுற வாளோட உள்ளே வந்தான். ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார்.

"பொருள் எங்க இருந்தாலும் உடையவங்களோடதுதான். பட்டறையில திருடு போனாலும் ஈடு உண்டு! வெள்ளச்சி, உனக்குப் புது வண்டி செய்யச் சொல்றேன்."

"அது ஆகிற வரைக்கும் உப்பு காத்திருக்காதே மகாராஜா. வானத்தைப் பாருங்க!"

"அப்போ ராயர் வண்டியை ஓட்டிட்டுப் போ. ஓட்டுறதும் ராயரே!"

பட்டுத் தலைப்பாகையோட ராயர் மூக்கணாங்கயித்தைப் பிடிச்சார். பின்னால உப்பு மூட்டை மேல வெள்ளச்சி. சந்தை வாசல் வந்ததும் ராயர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். வெள்ளச்சி அவர் தோளைத் தட்டினா.

"வரி கேட்கும்போது ஊருக்கே கேட்குமே உங்க குரல்! அதே மாதிரி இப்போ 'உப்போ உப்பு'ன்னு கூவுங்க சாமி!"