ஸ்ட்ரகிள் என்றால் என்ன?

நர்ஸ் சகாயமேரிக்கு நாற்பத்தொரு வயது. அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த நிலோஃபருக்கு இருபத்தாறு. ஆனாலும் குரு குருதான். சகாயமேரி செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வகுப்புக்குள் வருவாள். மற்ற மாணவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அன்று எல்லோரும் கிளம்பிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

“மிஸ், நாளைக்கு இன்டர்வியூவுக்கு நான் போகல.”

அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்கான இன்டர்வியூ அது. அதற்காகத்தான் இரண்டு வருடமாக டியூட்டி முடிந்த களைப்போடு வந்து படித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்க்கா?”

“காலையில ஏஜென்சி மேடம் ஃபோன்ல இங்கிலீஷ்ல பேச வச்சுப் பார்த்தாங்க. கட் பண்றதுக்கு முன்னாடி பக்கத்துல யார்கிட்டயோ சொன்னாங்க, ‘ஷீ இஸ் ஸ்ட்ரக்ளிங்’னு. என் காதுல நல்லா விழுந்துச்சு.”

“சரி. ஸ்ட்ரகிள்னா என்ன?”

“எனக்கு வராதுன்னு அர்த்தம்.” சகாயமேரிக்குக் கண் கலங்கியது. “கஷ்டப்படுறா, முடியல, அவ்வளவுதான்னு. வேற என்ன மிஸ்?”

நிலோஃபர் டிக்‌ஷனரியை எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். முழங்கையை மேசையில் ஊன்றிக் கையை நீட்டினாள்.

“பிடிங்க. என் கையைச் சாய்ச்சிடுங்க பார்ப்போம்.”

சகாயமேரி பிடித்தாள். அடுத்த நொடி அவள் கைதான் மேசையில் கிடந்தது. வாட்டசாட்டமான நோயாளிகளை ஒற்றை ஆளாகத் தூக்கி உட்கார வைக்கிற கை அது.

“விட்டுக்கொடுத்துட்டீங்க.”

“மிஸ்ஸை எப்படித் தோற்கடிக்கிறது?”

நம் ஊரில் இது ஒரு வியாதி. குரு கையை நீட்டினால் சீடர்கள் உடனே தோற்றுவிடுவார்கள். அதற்கு மரியாதை என்று பெயர் வேறு.

“இது ஸ்ட்ரகிள் இல்லக்கா. மரியாதையைச் செருப்போட சேர்த்து வெளியே வச்சுட்டு, மறுபடியும் பிடிங்க.”

இந்த முறை நிலோஃபர் இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். சகாயமேரியின் கை மெல்லச் சாய்ந்தது. பாதியில் நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. மேசை கிறீச்சிட்டது. இருவருக்கும் முகம் சிவந்துவிட்டது.

“கை என்ன பண்ணுது?”

“நடுங்குது மிஸ்.”

“வலிக்குதா?”

“பயங்கரமா வலிக்குது.”

“ஜெயிச்சிட்டீங்களா?”

“எங்க ஜெயிக்கிறது?”

“தோத்துட்டீங்களா?”

சகாயமேரி தன் கையைப் பார்த்தாள். யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

“இல்ல மிஸ்.”

“அந்த மேடம் உங்களைப் பத்திச் சொன்னது இதைத்தான்,” என்றாள் நிலோஃபர், மூச்சு வாங்கிக்கொண்டே. “போதும், கையை விடுங்கக்கா.”

சகாயமேரி விடவில்லை.