வாசலில் செருப்பு

ஒரு ஊரில் ஒரு குரு, குருவுக்கு ஒரு சீடர் என்றுதான் இந்த மாதிரிக் கதையை ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தாயிற்று. ஆனால் இந்தக் கதையில் தலை நரைத்தவர் சீடர். குரு அவரைவிட ஆறேழு வயது சின்னவர். குருவுக்குத் தாடியெல்லாம் கிடையாது, அவர் ஒரு பெண்.

ஊர் மயிலாடுதுறை. குருவின் பெயர் தையல்நாயகி. இண்டர்நெட்டை மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து பார்த்த காலத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கான நிழற்குடை. கடைக்கு அந்தப் பெயரையே வைத்தார். கடைக்கு வருகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு வலைத்தளம் செய்தார், அதற்கும் அதே பெயர். வேறு பெயர் யோசிக்கச் சோம்பலாக இருந்தது என்பார். அந்த 'நிழற்குடை' ஊரைத் தாண்டி, கடலைத் தாண்டி, எங்கெங்கோ இருந்த தமிழர்கள் வந்து கூடுகிற இடமாகிப் போனது.

சீடர் அடைக்கலம், தூத்துக்குடிக்காரர். அவர் வந்ததே சண்டை போடத்தான். ஒரு நாள் தையல்நாயகி யாரையும் கேட்காமல் முகப்புப் பக்கத்தை மாற்றிவிட்டார். இவர் கோபத்தோடு பஸ் ஏறி மயிலாடுதுறைக்கே வந்துவிட்டார். வந்தவர் சண்டை முடிந்தும் போகவில்லை. கூட இருந்து வேலை கற்றுக்கொண்டார். கேலியாகக் 'குருவே' என்று கூப்பிட்டார், அது அப்படியே நின்றுவிட்டது. இப்போது நிழற்குடையை நடத்துவது அவர்தான், தூத்துக்குடியில் ஆபீஸ் போட்டு. தையல்நாயகி பழைய கடைக்கு மேலே மாடியில் இருக்கிறார்.

ஒன்று மட்டும் இன்னும் அவர் கையில். முகப்பிலிருந்து எதையாவது எடுப்பதென்றால் அவர் 'சரி' என்று சொல்ல வேண்டும். சட்டம் ஒன்றும் இல்லை, வழக்கம்.

அந்தச் 'சரி'யை வாங்கத்தான் அடைக்கலம் அன்று காலை வந்தார். மறுநாள் புது முகப்பு வெளியாக வேண்டும். ஆபீஸில் எல்லாரும் இவர் போனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

மாடி ஏறுமுன் கீழே ஒரு நிமிஷம் நின்றார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கண்ணாடிக் கதவு மட்டும் அதே கதவு. போன் இணைப்பு கிர்ர் கிர்ர் என்று கத்தி, கத்தி, கடைசியில் கிடைக்கும்போது உள்ளே எல்லாருமாகச் சேர்ந்து "ஆங், வந்துடுச்சு" என்பார்கள். அதை நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது, உடனே மனசு கனத்தது. அந்த வயசும் போயிற்று, அந்தச் சத்தமும் போயிற்று.

மேலே போய்ப் பொட்டலத்தை நீட்டினார்.

"மக்ரூன். சவேரி குடுத்துவிட்டான்."

"தம்பி எப்படி இருக்கார்?"

"அவனுக்கென்ன. கப்பலை விட்டு இறங்கினதுலேருந்து தொப்பைதான் வளருது. அடுத்த தெருவுல வீடு. காலையில காபி குடிக்க எங்க வீட்டுக்கு வந்துடறான். அவன் சம்சாரம் போடற காபி பிடிக்கலையாம்."

தையல்நாயகி சிரித்தார். "நேத்து போன்ல சொன்னீங்களே, எதையோ எடுக்கணும்னு."

"செருப்பு வரிசை குருவே."

நிழற்குடைக்காரர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டும். கடைக்குள் ஏசி உண்டு, அதனால் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். உள்ளே ஆளுக்கொரு பிளைவுட் தடுப்பு, தடுப்புக்கு ஒரு திரை. யார் இருக்கிறார், யார் இல்லை, ஒன்றும் தெரியாது. ஆனால் தினமும் வருகிறவர்களுக்கு ஒருவர் செருப்பு இன்னொருவருக்கு அத்துப்படி. வாசலைப் பார்த்தே, "அட, போஸ்ட்மேன் சார் வந்தாச்சா" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போவார்கள்.

அதை அப்படியே தளத்திலும் வைத்தார் தையல்நாயகி. பக்கத்தின் தலையில் ஒரு வரிசை. வருகிறவர் ஒரு பொத்தானை அழுத்தினால் வரிசையில் ஒரு ஜோடிச் செருப்பு, அதன் கீழே அவர் பெயர். அவ்வளவுதான். விடிந்தால் வரிசை காலி, மறுபடி வந்து விட வேண்டும். தமிழில் எழுதினால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாய் வந்து நின்ற காலம் அது. எழுத வராதவர்கள் செருப்பை மட்டும் விட்டுவிட்டுப் போவார்கள். வந்தேன் என்று அதற்கு அர்த்தம்.

"எதுக்கு எடுக்கணும்?" என்றார் தையல்நாயகி.

"புதுசா வர்றவங்க பக்கத்தைத் திறந்ததும் முதல்ல பார்க்கிறது செருப்பு. இதென்ன கோயில் வாசலா, கல்யாண மண்டபமான்னு கேட்டுட்டு அப்படியே போயிடறாங்க. வருஷா வருஷம் ஆள் குறையுது. இப்படியே போனா கடையைச் சாத்தணும். எனக்கு மட்டும் அதைத் தூக்கிப் போட ஆசையா?"

அது பொய்யில்லை. மூன்று மாதமாக அடைக்கலத்துக்குச் சரியான தூக்கமில்லை.

"எல்லாரையும் கேட்டீங்களா?"

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர்போல் அடைக்கலம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேட்காம இருப்பேனா? கேட்காம மாத்தினதுக்கு உங்ககிட்ட சண்டைக்கு வந்த ஆளாச்சே நான். ஆபீஸ்ல புதுசா யார் சேர்ந்தாலும் முதல் நாள் அந்தக் கதையைத்தான் சொல்றேன். ஒரு மாசம் கேள்வி வச்சோம். திறக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெட்டி குதிச்சு வரும், 'எடுக்கலாமா, வேண்டாமா'ன்னு. பதில் சொன்னவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் எடுக்கலாம்னுட்டாங்க."

"பதில் சொல்லாதவங்க?"

"முக்கால்வாசிப் பேர் சொல்லலை. வேண்டாம்னா சொல்லியிருப்பாங்கல்ல?"

தையல்நாயகி மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தார்.

"வாயே திறக்காதவங்ககிட்ட நான் எப்படிக் கேட்கிறது? அதுக்கு ஒரு வழி சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"இன்னைக்கு நான் செருப்பு விடலை" என்றார் தையல்நாயகி.

"என்னது?"

"தினம் காலையில எழுந்ததும் விட்டுடுவேன். என்னோடதுதான் வரிசையில முதல் செருப்பு. இன்னைக்கு விடலை. நீங்க சாப்பிட்டுட்டுச் சாயங்காலம் போகலாம்."

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். குரு என்று கூப்பிட்டால் இதுதான் தொல்லை, கேட்டதற்கு நேராகப் பதில் வராது. அடைக்கலத்துக்கு எரிச்சலாக இருந்தது. போனில் ஆபீஸிலிருந்து 'என்ன ஆச்சு' என்று கேட்டு வந்துகொண்டே இருந்தது. இருங்க, இருங்க என்று பதில் போட்டார்.

கத்திரிக்காய் வதக்கலும் ரசமும் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது எரிச்சல் கொஞ்சம் இறங்கியது. கரண்ட் போனால் அத்தனை பேரும் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, தளத்தில் பேசிக்கொண்டிருந்ததை வாசலில் நின்று முகத்துக்கு நேராகப் பேசித் தீர்த்ததைச் சொன்னார் தையல்நாயகி. கரண்ட் வந்த பிறகும் உள்ளே போக யாருக்கும் மனசில்லாமல் நின்றதை அடைக்கலம் சொன்னார்.

"என்ன நாள் குருவே அதெல்லாம்."

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?"

அப்போது கூடத்து மூலையில் லேண்ட்லைன் போன் அடித்தது. பிரவுசிங் சென்டர் காலத்து எண். தளத்தின் அடியில் இன்றைக்கும் அந்த எண்தான் இருக்கிறது, மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அது அடித்து அடைக்கலம் கேட்டுப் பல வருஷம் இருக்கும்.

தையல்நாயகி எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டார்.

"அம்மா, நிழற்குடைதான? நான் சங்கரன்கோவில்லேருந்து உக்கிரபாண்டி பேசுதேன். உங்களுக்கு என்னைத் தெரியாது."

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்லம்மா. காலையிலேருந்து உங்க செருப்பைக் காணல. உடம்புக்கு ஏதும் முடியலியோன்னு." அந்தக் குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. "மத்தியானம் வரைக்கும் பார்ப்போம்னு இருந்தேன். மனசு கேக்கல."

"நல்லா இருக்கேங்க. நீங்க அங்க எழுதி நான் பார்த்ததில்லையே?"

"எழுத என்ன இருக்கு? நான் ஒண்டி ஆளு. காலையில வந்து செருப்பை விட்டுட்டு, யார் யாரு வந்திருக்காவன்னு ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிருவேன். நான் ஒரு நாள் விடலன்னா திருச்சியில ஒருத்தர் போன் போட்டு ஏசுவாரு. அவரு விடலன்னா நான் ஏசுவேன். அவரையும் நேர்ல பார்த்ததில்ல."

அடைக்கலத்தால் சும்மா இருக்க முடியவில்லை. கையில் ரசத்தோடு போன் பக்கம் குனிந்தார்.

"ஐயா, நான் அடைக்கலம். ஒரு பெட்டி வந்திருக்குமே, செருப்பு வரிசையை எடுக்கலாமான்னு கேட்டு. நீங்க பதிலே சொல்லலையே?"

"பெட்டியா? வந்துச்சு, வந்துச்சு. தினம் வந்துச்சு. தினம் மூடிட்டேன். அடைக்கலம்னா நீங்கதான சார் போன வருஷம் எழுதிப் போட்டது? திடீர்னு குதிச்சு வார பெட்டியைப் படிக்காதீங்க, தொடாதீங்க, உடனே மூடிருங்கன்னு?"

அவர்தான். பரிசு விழுந்திருக்கிறது என்று பெட்டி அனுப்பி ஒரு கும்பல் பணத்தைப் பிடுங்கியபோது, பதறிப்போய், சிவப்பு எழுத்தில் அவரே எழுதிப் போட்ட எச்சரிக்கை. சொன்ன பேச்சை அப்படியே கேட்டிருக்கிறார்கள், பாவம்.

"செருப்பை எடுக்கப் போறீங்களா சார்?" என்றது போன்.

அடைக்கலம் தையல்நாயகியைப் பார்த்தார். அவர் ரசப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க, சும்மா கேட்டோம்."

"அப்ப சரி. அம்மா, நாளைக்கு விட்டுருங்க, என்ன?"

அதற்கப்புறம் போன் ஓயவில்லை. திருச்சிக்காரரே கூப்பிட்டார், உக்கிரபாண்டியிடம் விஷயம் கேட்ட பிறகும் நம்பிக்கையில்லாமல். ஒரு பெண் "இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டு, "இருக்கேம்மா" என்றதும் பெயரைக்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள். ஒருவர் பேரனை விட்டுக் கேட்கச் சொன்னார். பெயர் சொன்னவர்களில் ஒருவர்கூடத் தளத்தில் ஒரு வரி எழுதியவர் இல்லை. அடைக்கலம் ஒவ்வொரு பெயரையும் தன் போனில் தேடிப் பார்த்தார். எழுதியது பூஜ்யம், பூஜ்யம் என்றே வந்தது. ஆபீஸில் அவர்களை இருக்கிற கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

வெயில் தாழ்ந்தது. தையல்நாயகி காபி கொண்டுவந்து வைத்தார்.

"தப்பு என்னுதுதான்" என்றார் அடைக்கலம். அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. "புது முகப்பு நாளைக்கு இல்லைன்னு சொல்லிடறேன். மறுபடி கேட்கறேன். இந்தத் தடவை பெட்டி வேண்டாம். செருப்பு வரிசைக்குப் பக்கத்துலயே கேள்வியை வச்சுடறேன், விடறவங்க கண்ணுல கட்டாயம் படும்."

"வைங்க. என்னன்னு கேட்பீங்க?"

"இந்த வசதி வேணுமா, வேண்டாமான்னு."

தையல்நாயகி காபியை ஆற்றினார். அவசரமில்லாமல் ஆற்றினார்.

"நீங்க அன்னைக்கு எதுக்குச் சண்டைக்கு வந்தீங்க?"

"அதான் ஊருக்கே தெரியுமே. கேட்காம பக்கத்தை மாத்திட்டீங்கன்னு."

"பக்கத்துல எதை மாத்தினேன்?"

அடைக்கலம் யோசித்தார். அந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். பஸ் ஏறியதைச் சொல்வார், கத்தியதைச் சொல்வார், குரு மன்னிப்புக் கேட்டதைச் சொல்வார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எதை மாற்றினார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"நிறத்தைன்னு நினைக்கிறேன். பச்சையை எடுத்துட்டு நீலம் போட்டீங்க."

"நீலம் பிறகு வந்தது. அதுக்கு நீங்க கையே தட்டினீங்க."

"அப்ப எதை?"

"பக்கம் திறக்க நேரமாகுதுன்னு செருப்பு வரிசையை எடுத்திருந்தேன்."

காபி டம்ளர் அடைக்கலத்தின் கையிலேயே நின்றது. அந்த நாளில், கப்பல் ஏதாவது துறைமுகத்தில் நிற்கும்போது சவேரி இறங்கிப்போய், எங்கேயோ ஒரு பிரவுசிங் சென்டரைத் தேடிப் பிடித்து, தமிழும் வராமல் இங்கிலீஷும் வராமல் அந்தப் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு ஓடுவான். வீட்டில் அம்மா தினமும் கேட்பாள், வந்தானா, வந்தானா என்று.

"கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கிட்டு நீங்க வந்தது இன்னும் என் கண்ணுல நிக்குது" என்றார் தையல்நாயகி. "எந்த வசதி போச்சு சார் உங்களுக்குன்னு நான் கேட்டேன். நீங்க வசதியைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. காலிலிருந்த செருப்பைக்கூடக் கழட்டாம நின்னுக்கிட்டு, என் தம்பி எங்கேன்னு கேட்டீங்க."