நலங்குப் பானைக்குள் இரண்டு மோதிரம்

ரொம்ப காலத்துக்கு முன்னால் ஆலங்கரை நாட்டை வீரமல்லன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் பிடித்தது மத்தியானம் பிடிக்காது, மத்தியானம் சொன்னது சாயங்காலம் ஞாபகம் இருக்காது.

அவர் கட்டிக்கொண்ட உலகுடையாள், அப்பாவுக்குப் பிறகு பக்கத்து மலைநாட்டைத் தானே ஆண்டவள். கழுத்தில் தாலி ஏறுமுன்பே பேசி முடித்துவிட்டாள்: "சிம்மாசனத்தில் பாதி எனக்கு. எந்த ஓலையானாலும் உங்கள் நெற்கதிர் மோதிரமும் என் யானை மோதிரமும் அரக்கில் பதிந்தால்தான் செல்லும்." அவள் அழகில் சொக்கிப்போயிருந்த ராஜா, சரி சரி என்று தலையாட்டிவிட்டார்.

ஆறு மாதம் ஒரு வம்பும் இல்லை. அப்புறம்தான் தளவாய் கரியமாணிக்கம் ஓர் ஓலையோடு வந்தார். ராணி பக்கத்தில் உட்கார்ந்த நாள் முதல் அவருக்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, மலையடிவாரத்தில் அணை கட்டினால் நம் வயலெல்லாம் விளையும். மலைநாட்டில் ஏழு ஊர் முழுகும், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றாள் ராணி. "அந்த ஜனங்கள் எங்கே போவார்கள்? 'உங்களைக் கைவிட மாட்டேன்' என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தவள் நான். என் மோதிரம் இதில் விழாது."

சபையே பார்த்துக்கொண்டிருக்கப் பெண்டாட்டி முடியாது என்றால் ராஜாவின் முகம் எப்படி இருக்கும்! டிவி நாடகமாக இருந்தால் ராஜா முகம், ராணி முகம், தளவாய் முகம் என்று காட்டிக்காட்டியே ஒரு வாரம் ஓட்டியிருப்பார்கள். நமக்கு அவ்வளவு நேரம் இல்லை.

தளவாய் தொண்டையைச் செருமினார். "மகாராஜா, உங்கள் கல்யாணத்தில் நலங்கு முடியவே இல்லையே?"

நலங்கு தெரியுமல்லவா? பானைத் தண்ணீருக்குள் மோதிரத்தைப் போட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் ஒன்றாகக் கைவிட்டுத் துழாவ வேண்டும். யார் கையில் அகப்படுகிறதோ அவர் சொல்தான் வீட்டில் எடுபடும் என்று சுற்றி நிற்பவர்கள் கேலி செய்வார்கள். மூன்று தரம் ஆடுவது வழக்கம். இவர்கள் ஆளுக்கொன்று ஜெயித்திருந்தபோது மழை கொட்டிப் பந்தலே சாய்ந்துவிட்டது.

"அந்த மூன்றாவது ஆட்டத்தை நாளைக் காலை ஆடிவிடுவோம். உங்கள் மோதிரத்தைப் போடுவோம். எடுத்தவர் வார்த்தையே இறுதி!" என்ற தளவாய், ராஜாவின் காதோரம் குனிந்தார். "பானையின் இடது பக்கம் மெழுகால் ஒட்டிவைக்கிறேன்."

ராஜாவுக்குக் குஷி தாங்கவில்லை. "சபையறியச் சொல்கிறேன்! நாளைக்கு ஜெயித்த கையில் இருக்கிற மோதிரம் சொல்வதுதான் சட்டம். நான் தோற்றாலும் சரி!"

ராணியின் கவலை வேறு. சிம்மாசனம் போனால் போகட்டும், அந்த ஏழு ஊர்?

மறுநாள் காலையில் தளவாய் பானையோடு வந்தார். மந்திரி ஆரூரருக்குக் காது மந்தம், கண் மட்டும் கழுகுக் கண். தளவாயின் நகத்தில் மெழுகு ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டார்.

"மகாராஜா, ராணியம்மா வெறுங்கையோடு ஆடினார் என்று மலைநாட்டார் பேசமாட்டார்களா? அவர் மோதிரமும் உள்ளே கிடக்கட்டுமே."

"போடும், போடும். எதுவானால் என்ன, எடுக்கப்போவது நான்தானே!" என்றார் ராஜா.

ராணியின் மோதிரத்தைப் போடுகிற சாக்கில் மந்திரி பானைக்குள் ஒரு துழாவு துழாவினார். மெழுகிலிருந்த நெற்கதிர் மோதிரம் அடியில் விழுந்தது, யானை மோதிரம் அந்த மெழுகில் ஏறிக்கொண்டது. மஞ்சள் தண்ணீரில் யாருக்குத் தெரியும்!

சங்கு ஊதினதும் ராஜாவின் கை நேரே இடது பக்கம் போனது. "அகப்பட்டது!" என்று கத்திக்கொண்டே மூடின கையை உயர்த்தினார். தளவாய் ஓடோடி வந்து ஓலையை நீட்டினார். ராஜா கையை விரித்தார். உள்ளங்கையில் யானை!

"என்ன மந்திரி இது?"

"மலைநாட்டு மோதிரம், மகாராஜா. அது சொல்வதுதான் சட்டம் என்றீர்கள். இனி அந்த நாட்டுக்கு நீங்கள் பொறுப்பு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த ஊருக்காக முத்திரை விழுகிறதோ, அதன் பேரையும் அங்கே கண்ட ஒன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்."

ராஜா விழித்தார். ராணிதான் மெல்ல எடுத்துக்கொடுத்தாள். "முதல் ஊர் தேனாறு."

"தேனாறு... மறுவீட்டுக்குப் போனபோது தினைமாவு கொடுத்தார்களே. மூன்று உருண்டை தின்றேன்."

"அடுத்தது கல்லாம்பாடி."

"என் குதிரை சேற்றில் மாட்டிக்கொண்டது. ஊரே இறங்கித் தூக்கிவிட்டது."

"மூங்கிலடி."

அங்கே ஒரு கிழவர், 'எங்கள் பெண்ணை நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை' என்று ராஜாவின் கையைப் பிடித்து அழுதிருந்தார். ராஜாவுக்கு அது ஞாபகம் வந்தது. "போதும் தேவி," என்று ஓலையைக் கிழித்துப் போட்டார்.

"அப்படியானால் வயலுக்குத் தண்ணீர்?" என்று குதித்தார் தளவாய்.

ராணி பானைக்குள் கைவிட்டு நெற்கதிர் மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொண்டாள். "இப்போது வயல் என் பொறுப்பு. மந்திரியாரே, அணைக்கு வேறு இடமே இல்லையா?"

"முதலில் குறித்தது கீழே ஆற்று வளைவில்தான், அம்மா. ஓர் ஊரும் முழுகாது. ஆனால் அங்கே தளவாயின் மாந்தோப்பு இருக்கிறது."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "உன் மாமரத்துக்காக ஏழு ஊரை மூழ்கடிக்கப் பார்த்தாயா? அணைக்கு முதல் கல்லை நீயே உன் தோப்பில் சுமந்துபோய் வை. இனி அரண்மனையில் எந்தக் கல்யாணமானாலும் நலங்குப் பானை தூக்குவதும் நீதான். மெழுகு இல்லாமல்!"

பிறகு மந்திரியைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தன் முத்துமாலையைப் போட்டார். "என்னையே ஏமாற்றினீரே!"

"என்ன சொன்னீர்கள், மகாராஜா? காது கேட்கவில்லை," என்றார் ஆரூரர்.

சாயங்காலம் ராஜா தயங்கித் தயங்கிக் கேட்டார். "தேவி, மோதிரத்தை மாற்றிக்கொள்வோமா?"

உலகுடையாள் தன் விரலைப் பார்த்தாள். "வேண்டாம். என் ஜனங்கள் உங்கள் கையில், உங்கள் ஜனங்கள் என் கையில். அப்போதுதான் இரண்டு பேருக்கும் பயம் இருக்கும்."

கடைசிவரை அவர்கள் மாற்றிக்கொள்ளவே இல்லை.