பத்தொன்பதாவது கேள்வி

மாணவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆசிரியைக்கு முப்பத்தொன்பது. மாணவரின் பெயர் பரமகுரு. அது அவருடைய அப்பா வைத்த பெயர், அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆசிரியை தமயந்தி ஒரு காலத்தில் பரமகுருவின் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பி.காம். படித்தவர். "ஏம்மா தமயந்தி, எந்திரிச்சு வாசி" என்று பரமகுரு சொன்னால் எழுந்து நின்று பாடம் வாசிப்பார். இப்போது பக்கத்து ஊர்க் கல்லூரியில் வணிகவியல் பேராசிரியை. பரமகுருவின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி அவர்தான்.

பரமகுரு ஆசைப்பட்டு டாக்டர் பட்டத்துக்கு வரவில்லை. அவர் வேலை பார்க்கும் தனியார் கல்லூரியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஜூன் முப்பதுக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காதவர்கள் ஜூலை முதல் தேதி வர வேண்டாம். இருபத்தெட்டு வருஷம் சாக்பீஸ் பிடித்த மனிதருக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. பயந்துபோனார்.

"தலைப்பு என்ன சார்?" என்று தமயந்தி கேட்டார்.

"வாடிக்கையாளர் நம்பிக்கை, சேவைத் தரம், விசுவாசம்."

"எந்தத் தொழில்ல?"

"பேங்க், செல்போன், ஜவுளிக்கடை எல்லாம் நம்ம லைப்ரரியிலயே பதினேழு பேர் எழுதி வச்சிருக்காங்க மேடம். நான் யாரும் தொடாததா எடுத்திருக்கேன். இறுதிச் சடங்கு. ஐஸ் பெட்டி, பந்தல், நாற்காலி, சொர்க்க ரதம்."

தமயந்தி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய கணவர் ஒரு காலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மகள் அப்போது நாலாம் வகுப்பு. பரமகுருவும் துக்கம் கேட்கப் போயிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தார். சாவு வீட்டில் "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது என்பது நம்மில் எல்லாருக்கும் தெரியும். பரமகுருவுக்கும் தெரியும்.

"கேள்வித்தாளைக் காட்டுங்க" என்றார் தமயந்தி.

மொத்தம் பத்தொன்பது கேள்விகள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து கடைசியில் விரலை வைத்தார்.

"இது இருக்கணுமா சார்?"

"அதுதான் மேடம் விசுவாசம். வெளிநாட்டுல மூணு தேசத்துல சோதிச்சுப் பார்த்த கேள்வி. அதை எடுத்தா ஆய்வே இல்ல."

"சரி. போய்க் கேளுங்க."

ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் ராயப்பனைத் தேடிப் பரமகுரு போனார். ராயப்பன் கடையில் போர்டு சின்னது. உள்ளே இரண்டு பெட்டிகளைத் துடைத்துத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

"வாடிக்கையாளர் உங்ககிட்டத் திரும்ப வர்றதுக்கு என்ன செய்றீங்க?" என்று பரமகுரு நோட்டும் கையுமாகக் கேட்டார்.

ராயப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நம்ம தொழில்ல 'மீண்டும் வருக'ன்னு எழுதி வைக்க முடியுமா சார்? ரோட்ல எதிர்ல வந்தாக்கூட நான் மூஞ்சியத் திருப்பிக்குவேன். என்னைப் பாத்தா அவங்களுக்கு அந்த நாள் ஞாபகம் வரும். நம்மளால அது எதுக்கு?"

பரமகுரு இதை நோட்டில் எழுதவில்லை. எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ராயப்பன் நல்ல மனிதர். தன்னுடைய ஆட்களை விட்டு வீடு வீடாகப் படிவத்தைக் கொடுக்கச் சொன்னார். பெயர் எழுத வேண்டாம், மேலே எண் மட்டும். நிரப்பி, ஸ்டாம்ப் ஒட்டிய கவரில் போட்டுத் தபாலில் சேர்த்தால் போதும். இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் திரும்பி வந்தன. பரமகுருவுக்குத் தலைகால் புரியவில்லை.

பிரித்துப் பார்த்த பிறகு புரிந்தது. பதினெட்டுக் கேள்விகளுக்கு டிக் போட்டிருந்தார்கள். பத்தொன்பதாவதுக்கு ஒருவர்கூடப் போடவில்லை.

மறுபடியும் தமயந்தியிடம் ஓடினார்.

"நம்பிக்கை அஞ்சுக்கு நாலரை. தரம் அஞ்சுக்கு நாலே கால். இவ்வளவு இருந்தும் விசுவாசம் மட்டும் ஏன் மேடம் வரல?"

தமயந்தி போனில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். "சாப்பாட்டை மூடி வச்சிருக்கேன், வேனை விட்டு எறங்குனதும் கதவைச் சாத்திக்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"படிவத்துல கேட்டிருக்கேனே."

"நீங்க கேட்டீங்களா?"

அன்று சாயங்காலமே பரமகுரு கிளம்பினார். இருப்பதிலேயே பக்கத்தில் எந்த வீடு என்று ராயப்பனிடம் விசாரித்தார்.

"மாரியம்மன் கோயில் தெருவுல ஒண்ணு இருக்கு. ஆனா இப்பப் போகாதீங்க சார், முப்பதாம் நாள் கழியட்டும்" என்றார் ராயப்பன்.

ஜூன் முப்பது இருக்கும்போது அந்த முப்பதுக்கு யார் காத்திருப்பது? போய்விட்டார்.

லேத் பட்டறை வைத்திருக்கும் வேலுச்சாமியின் வீடு அது. நாற்பது வயதிருக்கும். மனைவி இறந்து இருபத்திரண்டு நாள். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மனிதர் பொறுமையாகப் பதில் சொன்னார். பெட்டி நேரத்துக்கு வந்தது, திருப்தி. ராயப்பன் ஆட்கள் நன்றாக நடந்துகொண்டார்கள், ரொம்பத் திருப்தி. பரமகுரு டிக் போட்டுக்கொண்டே வந்தார். வேலை இவ்வளவு சுலபமா என்றுகூடத் தோன்றியது.

"மீண்டும் தேவை ஏற்பட்டால், இதே நிறுவனத்தின் சேவையைப் பெறுவீர்களா?"

வேலுச்சாமி அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"புரியல சார்."

புரியவில்லை என்று யாராவது சொன்னால் எளிமைப்படுத்தி விளக்குவது பரமகுருவின் இருபத்தெட்டு வருஷப் பழக்கம். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒண்ணுமில்ல, அதாவது உங்க வீட்ல அடுத்த தடவ..."

அங்கே நின்றார். நின்று என்ன பிரயோஜனம்? வேலுச்சாமி நாற்காலியை விட்டு எழுந்து வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். உள்ளே ஒரு வயதான அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் தட்டில் சோறு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பரமகுரு பேப்பரைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் சும்மா போயிருக்கலாம்.

"அப்ப நான் போயிட்டு வரேன்."

பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"எதுக்குய்யா வரணும்?" என்றாள் உள்ளே இருந்த அம்மாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பயந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை என்பது உண்மை. நான்காவது நாள் இறங்கியது, அதுவும் உண்மை. கல்லூரி நோட்டீஸ் போர்டில் தேதி அப்படியேதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி ஒரு கல்யாணத்துக்குப் போன சமயம், பரமகுரு இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். காப்பி அடித்தவனைப் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. விடைத்தாளில் நடுவே மை மாறியிருந்தால் ஆளைப் பிடித்துவிடுவார். அதனால் என்னென்ன தப்பு செய்யக் கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நீலம், கருப்பு என்று ஆறு பேனா எடுத்து, அந்தந்தப் படிவத்தின் மைக்குப் பொருத்தமாகத் தேடித் தேடி டிக் போட்டார். சிலருக்கு "பெறுவேன்". சிலருக்கு "நிச்சயமாக". எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒன்பது பேருக்கு "சொல்ல இயலாது" என்றும் போட்டார். ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. விசுவாசம் அஞ்சுக்கு நாலு புள்ளி இரண்டு.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி ஆய்வேட்டையும் படிவக் கட்டையும் தூக்கிக்கொண்டு தமயந்தியின் அறைக்குப் போனார். வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தை எடுத்து மேலே வைத்தார்.

தமயந்தி ஆய்வேட்டைப் புரட்டினார். விசுவாசம் பற்றிய அட்டவணை வந்ததும் கை நின்றது.

"எல்லாரும் பதில் சொல்லிட்டாங்களா சார்?"

"சொல்லிட்டாங்க மேடம்."

"நேர்ல போய்க் கேட்டீங்களா?"

"போனேன் மேடம்."

அந்த ஒரு பதில் பொய் இல்லை என்று பரமகுரு தனக்குள் சொல்லிக்கொண்டார்.

தமயந்தி பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றவில்லை.

"எண்பத்தெட்டாம் நம்பர் படிவத்தை எடுங்க."

எடுத்தார்.

"வாசிங்க சார்."

யாரும் சொல்லாமலே பரமகுரு எழுந்து நின்றார். ஏன் நின்றோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு? கணவர்."

"ம்."

"குளிர்சாதனப் பெட்டி சொன்ன நேரத்துக்கு வந்ததா? வந்தது."

"ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. நாப்பது நிமிஷத்துல வந்துட்டாங்க" என்றார் தமயந்தி.

பரமகுரு தலை நிமிர்ந்தார்.

"வாசிங்க."

"ஊழியர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்களா? மிகவும்."

"செருப்பை வாசல்லயே கழட்டிட்டுத்தான் உள்ள வந்தாங்க. அவரைத் தூக்கி வைக்கிறப்ப 'பாத்து, பாத்து'ன்னு ஒருத்தர் சொன்னார். உயிரோட இருக்கிறவர்கிட்டச் சொல்ற மாதிரி."

அந்த வீட்டில் தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி பரமகுருவுக்கு நினைவு வந்தது. பெட்டியின் மேல் யார் பெயர் எழுதியிருந்தது என்று அன்றைக்கு அவர் பார்க்கவில்லை.

"இந்த நிறுவனத்தை நம்பலாம் என்று நினைக்கிறீர்களா? முழுமையாக."

"பெட்டியைத் திரும்ப எடுத்துட்டுப் போறப்ப ராயப்பன் ஒரு வார்த்தை சொல்லிக்கல. இப்பவும் பஸ் ஸ்டாண்டுல என்னைப் பாத்தா அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிறார்."

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே பிள்ளைகள் வகுப்பு மாறும் சத்தம் கேட்டது.

"கடைசிக் கேள்வி சார்."

"மேடம்..."

"வாசிங்க சார்."

"மீண்டும் தேவை ஏற்பட்டால்..." பரமகுரு நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். "மீண்டும் தேவை ஏற்பட்டால், இதே நிறுவனத்தின் சேவையைப் பெறுவீர்களா?"

"பதில்?"

டிக் அழகாக விழுந்திருந்தது. மைகூடச் சரியான நீலம்.

"நிச்சயமாக."

தமயந்தி பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"வீட்ல இப்ப நானும் என் மகளும் மட்டுந்தான் சார் இருக்கோம். இதுல யாருக்குன்னு டிக் போட்டீங்க?"

பரமகுரு படிவத்தைக் கட்டின் மேல் வைத்தார். கையெழுத்துக்காகக் கொண்டுவந்த பக்கம் மேஜையிலேயே கிடந்தது. அதை அவர் கேட்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவு வரைக்கும் போனார். அங்கே ஒரு கணம் நின்றார், வாயைத் திறந்தார்.

பிறகு ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனார்.